ஒரு சிட்டையில் பிழை வந்தால் அடுத்து எதுவும் பதிவாகவில்லை, உதவுங்கள்

பாவூர்சத்திரத்துக்காரர்: அவசரம். காய்கறி கமிஷன் கடைக்கு நானே எழுதிய நிரல். காலையில் ஒரு சிட்டையைப் பதியும்போது பிழை வந்தது. அதன் பிறகு ஒன்றுகூட ஏறவில்லை. நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினால் அடுத்த பிழை வரை சரியாக இருக்கிறது. வெளியே தக்காளி வண்டி நிற்கிறது.

பொதிகைச்சாரல்: என்ன மொழி, எந்தத் தரவுத்தளம், பிழைச் செய்தி என்ன?

குறுக்குத்துறை: இணைப்பு அறுந்திருக்கும். எங்கள் அம்பாசமுத்திரம் அரிசி ஆலையில் மின்சாரம் போய் வந்தால் இப்படித்தான் ஆகும்.

நிரல்வாத்தியார்: கையேட்டைப் படித்தவர் இதைக் கேட்க மாட்டார். செஷன், அதாவது தரவுத்தளத்தோடு நிரல் பேசும் அமர்வு, பற்றிய பகுதியை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

பாவூர்சத்திரத்துக்காரர்: மொழி பைத்தான், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், இரண்டையும் இணைக்கும் நூலகம் எஸ்கியூஎல்ஆல்கெமி. அந்தச் சிட்டை எண் ஏற்கெனவே இருக்கிறது என்பது முதல் பிழை. பிறகு எதைச் செய்தாலும், முந்தைய பிழையால் செஷனின் ட்ரான்சாக்ஷன் (ஒன்றாகப் பதியும் வேலைகளின் தொகுப்பு) ரோல்பேக் ஆகிவிட்டது (பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது) என்கிறது. பிழையைப் பிடித்து, திரையில் காட்டிவிட்டுத் தொடர்கிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை.

பொதிகைச்சாரல்: முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஃப்ளஷ், அதாவது சேர்த்தவற்றைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வேலை, நடுவில் முறிந்தால் அங்கே ரோல்பேக் தானாக நடந்துவிடும். ஆனால் நீங்களும் செஷன்.ரோல்பேக்() என்று அழைக்கும்வரை செஷன் அடுத்த வேலையை ஏற்காது. முன்னால் போட்ட சிட்டைகள் அழிந்தது தெரியாமல் மீதியை மட்டும் நீங்கள் கமிட் செய்துவிடக் (நிரந்தரமாகப் பதிந்துவிடக்) கூடாதே, அதற்குத்தான் இந்தப் பிடிவாதம். பிழையைப் பிடிக்கும் இடத்தில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

கமிட் ஆகாத மற்ற சிட்டைகளும் அதோடு போய்விடும். மறுபடி சேர்க்க வேண்டும். தவறிய சிட்டை மட்டும் கழிய வேண்டுமானால் ஒவ்வொன்றையும் பிகின்_நெஸ்டட்() கொண்டு சேவ்பாயிண்டுக்குள், அதாவது பிழை வந்தால் அதுவரை மட்டும் திரும்பும் இடைக்குறிக்குள், வையுங்கள். பிழையைப் பிடிக்கும் ட்ரை வெளியே, சேவ்பாயிண்டைத் திறக்கும் வித் உள்ளே. மாற்றிப் போட்டால், உள்ளே நடந்த பிழை சேவ்பாயிண்டுக்குத் தெரியாமல் போய்விடும்.

குறுக்குத்துறை: மைஎஸ்கியூஎல்லில் இந்தத் தொல்லை இல்லை. தவறிய கட்டளை மட்டும் போகும், மற்றவை நிற்கும். அதற்கு மாறுங்கள்.

நிரல்வாத்தியார்: தவறான யோசனை. தரவுத்தளம் எதுவானாலும் ஃப்ளஷ் முறிந்தால் இந்தச் செஷனுக்கு ரோல்பேக் தேவை. பிழைக்குப் பின் வரும் கட்டளைகளை போஸ்ட்கிரெஸ் 25பி02 என்ற பிழைக் குறியீட்டோடு மறுப்பது வேறு விஷயம்.

குறுக்குத்துறை: தரவுத்தளக் கட்டளைகளை எஸ்கியூஎல்லில் நேரடியாக எழுதினால் செஷனே வேண்டாமே!

நிரல்வாத்தியார்: ட்ரான்சாக்ஷன் அங்கேயும் உண்டு. போஸ்ட்கிரெஸில் அங்கேயும் ரோல்பேக் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சிமாரே, அவருடைய வண்டி வெளியே நிற்கிறது. சிட்டை எண் ஏன் இரட்டிக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே? கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறீர்களா? அப்படியானால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் ஒரே எண்தான் கிடைக்கும். எண் தரும் வேலையை போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸிடம் விட்டுவிடுங்கள். இடையில் சில எண்கள் விடுபடலாம், இரட்டிக்காது.

பாவூர்சத்திரத்துக்காரர்: ரோல்பேக் போட்டேன், ஓடுகிறது. கடையில் இரண்டு மேசை உண்டு, ஒன்றைக் கூட்டித்தான் எண் கொடுத்தேன். இரவு சீக்வென்ஸுக்கு மாற்றுகிறேன். நன்றி அண்ணாச்சி, வண்டியை இறக்கப் போகிறேன்.