இன்றைய அடுப்பில் அடுத்த வாரச் சாப்பாடு: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

புதிதாக வெளிநாடு வந்து தனியாகவோ, இரண்டு பேராகவோ வீடு எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது சாப்பிட என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் ஆறு மாதத்தில் உடம்பையும் கையிருப்பையும் கரைப்பது பெரும்பாலும் அந்த எட்டு மணிதான்.

நான் வந்த புதிதில் வாரத்தில் நான்கு நாள் வெளியே வாங்கித்தான் சாப்பிட்டேன். எனக்குச் சமைக்கத் தெரியும். ஆனால் வெங்காயம் உரிப்பதில் தொடங்கிப் பாத்திரம் கழுவுவதில் முடிகிற அந்த ஒன்றரை மணி நேரம் தினமும் கிடைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: சமைக்கிற நாளில் இரண்டு மடங்காகச் சமைத்து, பாதியை அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுவது.

அன்றைக்கே என்பதுதான் முக்கியம். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு குழம்பை மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நான்காம் நாள் அதைப் பார்க்கவே பிடிக்காமல் போகும்போது, கொட்ட மனமில்லாமல் ஃப்ரீசரில் தள்ளுகிறார்கள். குளிர் கிருமிகளைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்துச் சூடு ஏறியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடரும். நான்கு நாள் பழையதாக உள்ளே போனது நான்கு நாள் பழையதாகத்தான் வெளியே வரும். அதனால் என் வீட்டில் முதல் கரண்டி ஃப்ரீசர் டப்பாவுக்கு, அடுத்த கரண்டிதான் தட்டுக்கு. இப்படிச் செய்தால் ஃப்ரீசரில் இருப்பது மிச்சம் மீதி என்ற எண்ணமே வராது. உங்களுக்காக நீங்கள் எடுத்து வைத்த புதுச் சமையல் அது.

முதலில் உங்கள் ஃப்ரீசர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். வாடகை வீட்டில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்குள் மேலே ஒரு பனிப்பெட்டி மாதிரி இருந்தால், அதை நம்பிப் பத்து டப்பா செய்துவிடாதீர்கள். பல நாடுகளில் அதன் கதவில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நான்கு இருந்தால் அதே மைனஸ் 18-தான், ஆனால் புதிதாகச் சமைத்ததை உறைய வைக்கும் வலுவும் அதற்கு உண்டு. ஒரு நட்சத்திரப் பெட்டியில் ஏற்கெனவே உறைந்ததை ஒரு வாரம் வைத்திருக்கலாம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். குறி எதுவும் இல்லையென்றால் ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மைனஸ் 18-க்குக் கீழே நிலையாக இருந்தால் நிம்மதியாகத் தொடங்கலாம்.

அடுத்து ஆறவைப்பது. இந்த இடத்தில்தான் எனக்கு அடி விழுந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பெரிய பாத்திரம் நிறைய இறைச்சிக் குழம்பு வைத்தேன். சூடாக இருக்கிறதே, காலையில் டப்பாவில் போடலாம் என்று மூடி அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தொட்டால் பாத்திரம் வெதுவெதுப்பாகவே இருந்தது. வாசனையில் ஒரு குறையும் இல்லை. டப்பாக்களில் நிரப்பி உறைய வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒன்றை எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது ஊரில், தனியாக, எந்த மருத்துவமனைக்குப் போவது என்றுகூடத் தெரியாத நேரம். மீதி டப்பாக்கள் அத்தனையையும் கொட்டினேன்.

நடந்தது இதுதான். சமைத்த உணவு ஏறத்தாழ 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற நேரத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி அந்த இடைவெளியில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். இறைச்சிக் குழம்புகளில் வழக்கமாகப் பிரச்சினை செய்கிற கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில்கூடச் சாவதில்லை. மெதுவாக ஆறும் குழம்பு அவற்றுக்கு நல்ல வளரிடம். வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே அடுப்பை அணைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உணவு குளிருக்குள் போயிருக்க வேண்டும். அறை 32 டிகிரிக்கு மேல் புழுக்கமாக இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

செய்வது சுலபம். குழம்பை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். சிங்க்கில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, ஐஸ் இருந்தால் போட்டு, அந்தப் பாத்திரத்தை அதில் இறக்கி அவ்வப்போது கிளறிவிடுங்கள். இருபது நிமிடத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் சின்ன டப்பாக்களில் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்ததும் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். லேசான சூட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கொதிக்கக் கொதிக்கப் பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைப்பதுதான் தவறு, பக்கத்தில் இருக்கிற மற்ற உணவையும் அது சூடாக்கிவிடும்.

சோற்றுக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், வேகவைத்தாலும் தப்பிவிடும். வெளியே வைத்த சோற்றில் அது முளைத்து ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் சோற்றைத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். இதில் ருசிக்கும் ஒரு லாபம் உண்டு. சோற்றின் மாவுச்சத்து இறுகி, சோறு விறைத்துப் போவது ஃப்ரிட்ஜின் குளிரில்தான் அதிகம். சட்டென்று உறைந்த சோற்றில் அந்த இறுக்கம் நின்றுவிடும். உறைந்தபடியே மைக்ரோவேவில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சூடாக்கினால் அப்போது வடித்த மாதிரியே பொலபொலவென்று வரும். என் ஃப்ரீசரில் எது இல்லாவிட்டாலும் ஆறு சோற்றுப் பொட்டலம் இருக்கும்.

ஏன் சின்னதாக, தட்டையாக என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? மெதுவாக உறைந்தால் உணவுக்குள் இருக்கும் தண்ணீர் பெரிய பெரிய பனிப்படிகங்களாகும். அவை காய்கறி, இறைச்சியின் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீர் விட்டு, காய் கொழகொழத்துப் போவது அதனால்தான். வேகமாக உறைந்தால் படிகம் பொடிப்பொடியாக இருக்கும், சேதம் குறைவு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910-களில் இன்றைக்குக் கனடாவில் இருக்கும் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்கத்திய பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்து, மாதங்கள் கழித்தும் புது மீன் போல இருப்பதைப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைக்குக் கடைகளில் இருக்கும் உறைந்த உணவு வரிசை முழுவதும். 1930-இல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் முதலில் விற்றுப் பார்த்தார்கள். நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் ஒரு விரல் தடிமனில் தட்டையாக வைத்தால் முடிந்தவரை வேகமாக உறையும், முடிந்தவரை வேகமாக உருகவும் செய்யும்.

ஜிப் வைத்த கெட்டியான ஃப்ரீசர் பைகள் இதற்கு நல்லவை. குழம்பை ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஒரு தட்டின்மேல் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். காற்றை ஏன் வெளியேற்றச் சொல்கிறேன் என்றால், உறைந்த உணவின் மேலிருக்கும் பனி அந்தக் குளிரிலும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். மேல்பகுதி வெளுத்து, காய்ந்து, சக்கை போலாகிவிடும். சாப்பிட்டால் தீங்கில்லை, ருசி இருக்காது. டப்பாவில் ஊற்றினால் ஒரு விரற்கடை இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். விளிம்பு வரை நிரப்பிய கண்ணாடிப் பாட்டில் கட்டாயம் விரிசல் விடும். டப்பா குறைவாக இருக்கிறவர்கள் டப்பாவுக்குள் ஒரு பையை விரித்து அதில் ஊற்றி உறைய வைத்து, கட்டியானதும் பையோடு வெளியே எடுத்துவிட்டால் டப்பா அடுத்ததற்கு ஆயிற்று.

பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்று மூன்றையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள், உணவை நிரப்புவதற்கு முன்பே எழுதினால் மை ஒட்டும். உறைந்த பிறகு எல்லாக் குழம்பும் ஒரே நிறம்தான். மைனஸ் 18-இல் உணவு கெடாது என்றாலும், குழம்பு வகைகளை இரண்டு மூன்று மாதத்துக்குள், சோற்றை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டால்தான் ருசி நன்றாக இருக்கும்.

எது உறைவதற்கு ஏற்றது? பருப்பு, கொண்டைக்கடலை, பயறு வகைகள், சூப், இறைச்சிக் குழம்பு எல்லாம் அருமையாக வரும். நான் மிகவும் நம்புவது, வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரிய வதக்கிய மசாலா. ஒரு கிலோ வெங்காயத்தை ஒரே நாளில் வதக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாக வைத்துவிட்டால் எந்த நாளிலும் கால் மணி நேரத்தில் புதுக் குழம்பு. ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கு முழுக் குழம்பைவிட இதுதான் சரி. சிவப்பு ராஜ்மாவை மொத்தமாக வேகவைக்கிறவர்கள் மட்டும் கவனியுங்கள்: நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதில் இயற்கையாகவே இருக்கும் நஞ்சு, மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தின் குறைந்த சூட்டில் போகாது.

உருளைக்கிழங்கு உறைந்தால் மணல் மாதிரி ஆகும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், தயிரும் க்ரீமும் திரிந்துபோகும். இவற்றைச் சூடாக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூண்டும் கிராம்பும் உறைந்திருக்கும் நாட்களில் தூக்கலாகிவிடும், கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

சரி, எடுத்துச் சாப்பிடுவதற்கு வருவோம். நாளைக்கு வேண்டியதை இன்று ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பையை இறுக்கி மூடிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால் போதும். மேடையில் காலையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டாம். சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், அதாவது எல்லாப் பக்கமும் ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும். மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்க வைத்து நடுவைக் குளிராக விட்டுவிடும், பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்திருந்தால் அந்தச் சிக்கலே வராது.

மின்சாரம் போய்விட்டால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் கிட்டத்தட்ட 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இருக்கிறவர்கள், முதல் வாரமே கூடத் தங்கியிருப்பவர்களோடு பேசி ஒரு தட்டையோ இழுப்பறையையோ உங்களுக்கென்று கேட்டு வாங்கிவிடுங்கள். மசாலா வாசனை அடுத்தவர் ஐஸில் ஏறிவிடும் என்பதால் இரண்டு பையாகப் போடுவது நல்லது. அவர்களுக்குச் சங்கடம் இல்லை, உங்களுக்கும் கூச்சம் இல்லை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு வகை சமைத்து அடுக்கப் போகாதீர்கள். நானும் தொடக்கத்தில் அப்படி முயன்று, மூன்றாவது வாரமே அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இந்த வாரம் எப்படியும் செய்யப்போகிற ஒரு குழம்பை மட்டும் இரண்டு மடங்காகச் செய்யுங்கள். அடுத்த வாரம் வேறு ஒன்று. ஒரு மாதத்தில் நான்கு வகை சேர்ந்திருக்கும், கூடுதல் உழைப்பு என்று ஒன்றும் தெரியாது.

கடைசியாக ஒன்று. நீர்க்க வேகவைத்த பருப்புச் சோறு இரண்டு டப்பா தனியாக வையுங்கள். அதன்மேல் ‘காய்ச்சல்’ என்று எழுதுங்கள், வேறு எதற்கும் எடுக்காதீர்கள். இங்கே வந்த பிறகு முதல் முறை காய்ச்சலில் படுக்கும்போது எழுந்து அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பு இருக்காது, வீட்டுக்குப் போன் செய்தாலும் சாப்பாடு வராது. எனக்கு அது வந்தபோது ஃப்ரீசரில் அந்த டப்பா இருந்தது. ஆறு நிமிடத்தில் சூடான கிண்ணத்தோடு படுக்கையில் உட்கார்ந்திருந்தேன், அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஃப்ரீசர் எத்தனை நட்சத்திரம், எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், மைக்ரோவேவ் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதினால் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.