எல்லாக் கால பவர் ஃபார்வர்ட் வரிசையில நோவிட்ஸ்கிக்கு எத்தனாவது இடம்?

தருமபுரி ஜம்ப்பர்:
எங்க சாயங்கால பாஸ்கெட்பால் கும்பல்ல என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) பவர் ஃபார்வர்டுங்களுக்கு (ரிங்குக்கிட்ட ஆடற உயரமான ஆளுங்க) டாப் 5 போட்டுக்கிட்டிருக்கோம். டங்கன் 1, அதுல சண்டை இல்ல. அதுக்குக் கீழ கார்னெட், மலோன், பார்க்லி, யானிஸ், டிர்க் நோவிட்ஸ்கி. பாதிப் பேர் நோவிட்ஸ்கிக்கு 2 குடுக்கறாங்க. மீதிப் பேர் "டிஃபென்ஸ் ஆடாத ஆளு, 5-ஐத் தாண்ட விடாதே"ங்கறாங்க. கிருஷ்ணகிரி, ஓசூர் அண்ணன்மாருங்க கணக்கோட வந்து சொல்லுங்க.

கிருஷ்ணகிரி ஸ்கோர்ஷீட்:
தம்பி, முதல்ல ஒரு தப்பான வாதத்தை எடுத்துப் போட்டுடலாம். நோவிட்ஸ்கிக்கு ரெகுலர் சீசன்ல ஆட்டத்துக்குச் சராசரி 20.7 புள்ளி, பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு நடக்கற நாக்அவுட் தொடர்ல) 25.3. இதைக் காட்டி "பெரிய ஆட்டம்னா ஏறிடுவாரு"ம்பாங்க. பாதிதான் சரி. 21 சீசன் ஆடினவரு. முதல் சீசன்ல 8.2, கடைசி சீசன்ல 7.3. அந்த ரெண்டு வருஷமும் அவரோட டீம் டல்லாஸ் பிளேஆஃபுக்கே போகல. அதனால ரெகுலர் சராசரி மட்டும் இறங்கிக் கிடக்குது.

பார்க்க வேண்டியது சதவீதம். ஃபீல்டு கோல் (ஆட்டத்துக்குள்ள போடற ஷாட்) 47.1, பிளேஆஃப்ல 46.2. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கற தனி ஷாட்) 87.9, பிளேஆஃப்ல 89.2. எதிராளி இறுக்கியும் ஷாட் அசையல. மலோனுக்கு ஃபீல்டு கோல் 51.6-லிருந்து 46.3-க்கு விழுந்துச்சு. 36,928 புள்ளி, 2 எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) இருந்தும் நான் அவரைக் கீழ வைக்கறது இதுக்காகத்தான். கூட ஆடின ஸ்டாக்டன் பாஸ்ல ரிங்குக்கிட்ட கிடைக்கற புள்ளியை அடைச்சுட்டா, தனியா ஷாட் உண்டாக்கியாகணும். அங்க மலோன் சாதாரண ஷூட்டர்.

2011 வெஸ்டர்ன் ஃபைனல், ஓக்லஹோமாவோட முதல் ஆட்டம்: நோவிட்ஸ்கிக்கு 48 புள்ளி, 15 ஷாட், 24 ஃப்ரீ த்ரோ, 24-ம் உள்ள. ட்ரூ ஷூட்டிங் (ஷாட், ஃப்ரீ த்ரோ எல்லாம் சேர்த்த புள்ளித் திறன்) போட்டுப் பாருங்க. ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல பெருக்கணும் (ஷாட் விழுந்து கூடுதலா கிடைக்கற ஒரு ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் இதெல்லாம் தனி பொசஷனை, அதாவது பந்து கைக்கு வர்ற ஒரு வாய்ப்பைத் தின்னாது, அதனாலதான் பாதிக்கும் கம்மி). 10.56 வருது. 15 சேர்த்தா 25.56, இரட்டிச்சா 51.12. 48-ஐ அதால வகுத்தா 93.9 சதவீதம். 60 வந்தாலே நல்ல ஆட்டம்னு சொல்லுவோம்.

பாலக்கோடு சென்டர்:
ஃப்ரீ த்ரோ பேச்சு வந்ததால 2006 ஃபைனல் மூணாவது ஆட்டத்தையும் எழுதுங்க அண்ணா. தொடர்ல டல்லாஸ் 2-0, நாலாவது குவார்ட்டர்ல 13 புள்ளி முன்னிலை. 3.4 விநாடி இருக்கறப்ப சமன் பண்ண வேண்டிய நோவிட்ஸ்கியோட ஃப்ரீ த்ரோ வெளிய போச்சு, 98-96-னு தோல்வி. அதுக்கப்புறம் டல்லாஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. அடுத்த சீசன் 67 வெற்றி, எம்விபி, ஆனா முதல் ரவுண்டுலயே எட்டாம் சீடு (தரவரிசையில எட்டாவது) கோல்டன் ஸ்டேட்கிட்ட அவுட். ஆறாவது ஆட்டத்துல 13 ஷாட்டுக்கு 2, மொத்தம் 8 புள்ளி.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஆல்-டிஃபென்சிவ் டீம்ல (வருஷத்தோட சிறந்த தடுப்பாட்டக்காரங்க பட்டியல்ல) ஒரு தடவைகூட பேர் இல்ல. கார்னெட் 12 தடவை, டங்கன் 15 தடவை. 7 அடி ஆளு, ஆஃபென்சிவ் ரீபவுண்டு (தன் டீம் ஷாட் தவறினா பந்தைத் திரும்ப எடுக்கறது) ஆட்டத்துக்கு 1-தான். கார்னெட் பிக் அண்ட் ரோல்ல (எதிர் டீம் ஆளு மறைச்சு நின்னு, பிறகு ரிங்கை நோக்கி ஓடற ஆட்டம்) மேல ஏறி, பந்து வச்சிருக்கற கார்டை நிறுத்திட்டு, திரும்பி ஓடி பெயிண்ட்டையும் (ரிங்குக்கு முன்னாடி இருக்கற கட்டம்) அடைப்பாரு. நோவிட்ஸ்கிக்குப் பக்கவாட்டுக் கால் வேகம் கிடையாது.

ஓசூர் ஸோன்:
2007-ல என்ன நடந்துச்சுன்னு விலாவாரியா பார்க்கணும். கோல்டன் ஸ்டேட் கோச் டான் நெல்சன், டல்லாஸ்ல நோவிட்ஸ்கியை வளர்த்தவரே. உயரமான ஆளைப் போடாம, ஸ்டீஃபன் ஜாக்சன் மாதிரி உரமான விங் (பக்கவாட்டுல ஆடற) ஆளுங்களை இடுப்போட ஒட்டவிட்டாரு. பந்து வாங்கற இடமே வெளிய தள்ளிப் போச்சு. பந்தைத் தரையில தட்டினா கீழ கை வரும், முதுகு காட்டி நின்னா டபுள் (மடக்க வர்ற ரெண்டாவது ஆளு) எங்கிருந்து வருதுன்னே தெரியாது.

அதுக்கப்புறம் அவர் ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவுலயும் எல்போவுலயும் (அந்தக் கோட்டோட முனைங்க) பந்து வாங்க ஆரம்பிச்சாரு. அங்க ரிங்கைப் பார்த்து நின்னா எந்தப் பக்கமிருந்து டபுள் வந்தாலும் கண்ணுல படும். எதிர் டீம் சென்டரும் பெயிண்ட்டை விட்டு வெளிய வந்தே ஆகணும். நம்ம ஊர்ல உயரமான பையன்னா கண்ணை மூடிக்கிட்டு ரிங்குக்கடியில நிறுத்தறாங்க. இதைப் பார்த்தாவது மாத்தலாம்.

டிஃபென்ஸ் குறை நிஜம்தான். 2011-ல பின்னாடி டைசன் சாண்ட்லர் இருந்தாரு, நடுநடுவுல ஸோனும் (ஆளுக்கு ஆள் இல்லாம இடத்தைக் காக்கற டிஃபென்ஸ்) போட்டாங்க. அவரைச் சுத்தி டீம் கட்ட ரிங்கைக் காக்கற சென்டர் ஒருத்தர் கட்டாயம். கார்னெட்டுக்கு அந்த நிபந்தனை இல்ல. ஆனா மினசோட்டாவுல கார்னெட் 7 வருஷம் வரிசையா முதல் ரவுண்டோட வீட்டுக்குப் போனாரு. டிஃபென்ஸ் மட்டும் கடைசி 5 நிமிஷத்துப் புள்ளியைக் கொண்டாந்துடாது.

தருமபுரி ஜம்ப்பர்:
நோவிட்ஸ்கியோட அந்த ஒத்தக்கால் ஷாட்டைப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாமாண்ணா?

ஓசூர் ஸோன்:
ரெண்டு கால் ஜம்ப் ஷாட் நிலைச்ச பிறகுதான். வலது கைக்காரன்னா இடது கால் பிவட் (ஊன்றிச் சுத்தற கால்). அதுலயே எழும்பி, வலது முட்டியை மேல தூக்கணும். அந்த முட்டிதான் டிஃபெண்டரைத் தள்ளி நிறுத்தும். முட்டியை முன்னாடி நீட்டி இடிச்சா சார்ஜ் (இடிச்ச ஃபவுல்) விசில். இடது கால் திரும்ப தரையைத் தொடறதுக்குள்ள பந்து கையை விட்டுப் போகலன்னா டிராவல் (கால் வைக்கற விதி மீறல்). பக்கவாட்டுல சாஞ்சா பந்தும் அந்தப் பக்கமே போகும், நேர் பின்னாடி சாயணும். ரிங்குல இருந்து 6 அடியில ஆரம்பிங்க. நம்ம சிமெண்ட் தரையில மணல் கிடந்தா முதல்ல பெருக்கிடுங்க, ஒத்தக்கால்ல இறங்கறப்ப கணுக்கால் போயிடும்.

கிருஷ்ணகிரி ஸ்கோர்ஷீட்:
என் வரிசை: டங்கன், கார்னெட், நோவிட்ஸ்கி, யானிஸ், மலோன். 2-க்கும் 3-க்கும் நடுவுல மயிரிழைதான். யானிஸ் 2021 ஃபைனல் ஆறாவது ஆட்டத்துல 50 போட்டாரு. அவரை மேல ஏத்தினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பாலக்கோடு சென்டர்:
எனக்கு நோவிட்ஸ்கி 4. 6 அடி 6 அங்குலத்துல ஆட்டத்துக்கு 11.7 ரீபவுண்டு எடுத்த பார்க்லியை அண்ணன் மொத்தமா விட்டுட்டாரே, அதுக்குப் பதில் வரட்டும்.