ஓரம்கட்டி வழிவிட்ட பிறகும் ஏன் இந்தக் கோபம்? டர்ட் பைக் ஓட்டுபவரின் கேள்வி

சேற்றுத்தடம் எழுதியது:

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக டர்ட் பைக் (மண்பாதைகளில் ஓட்டுவதற்கான மோட்டார் சைக்கிள்) ஓட்டி வருகிறேன். நான் வழக்கமாகச் செல்லும் காட்டுப் பாதை, நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், மிதிவண்டிக்காரர்கள், மோட்டார் வண்டிக்காரர்கள் ஆகிய அனைவருக்கும் சட்டப்படி திறந்துவிடப்பட்ட ஒன்று. எங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். எதிரே ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுவது, தடத்தை விட்டுப் புல்வெளியில் இறங்காமல் இருப்பது, மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது என்று எங்களுக்குள் சில கட்டுப்பாடுகளையும் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும், அந்தப் பாதையை மோட்டார் வண்டிகளுக்கு முழுவதுமாக மூட வேண்டும் என்று நடைபயணிகள் சங்கம் ஒன்று மனுக் கொடுத்திருக்கிறது. அடுத்த மாதம் நிலத்தை நிர்வகிப்பவர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசப் போகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு வளைவுக்கு அப்பால், வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தொடைப் பருமனுள்ள மரக்கட்டை ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அது காற்றில் விழுந்த மரம் அன்று. இழுத்து வந்த தடம் ஈர மண்ணில் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் சென்ற நண்பர் மெதுவாகப் போனதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். யார் போட்டார்கள் என்று தெரியாததால் யாரையும் குற்றம் சாட்ட விரும்பவில்லை. ஆனாலும் அந்தக் கட்டைக்குப் பின்னால் இருக்கும் வெறுப்புதான் எனக்குப் புரியவில்லை.

என் கணக்குப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் எதிர்கொள்வது பத்துப் பன்னிரண்டு பேரைத்தான். ஒவ்வொருவரையும் கடக்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. நாங்களும் அவர்களைப் பார்த்துக் கோபப்படுவதில்லை. பிறகு ஏன் இவ்வளவு பகை? கூட்டத்தில் எதைச் சொன்னால் பயன் இருக்கும்?


கால்நடைக்காரன் எழுதியது:

(மாடு மேய்ப்பவன் அல்லன், கால்நடையாகவே மலைக்குப் போகிறவன் என்பதால் இந்தப் பெயர்.)

முதலில் அந்தக் கட்டையைப் பற்றி. அது கோபத்தின் வெளிப்பாடு என்று யார் நியாயப்படுத்தினாலும் ஏற்க வேண்டாம். ஆளைக் கொல்லக்கூடிய செயல் அது. அதைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் எண்ணுவது சந்திப்புகளை. நான் எண்ணுவது கேட்கும் நேரத்தை. ஒரு காலைப் பொழுதில் பாறை ஒன்றில் உட்கார்ந்து, எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் மறுகரையில் ஓர் எஞ்சின் ஒலி எழுகிறது. ஏற்றத்தில் உறுமி, வளைவில் தணிந்து, மறுபடியும் உறுமுகிறது. அது என் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்பது தெரியாது. கூடக் குழந்தை இருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறேன். காதுக்கு வேறெந்த வேலையும் ஓடாது. கடைசியில் நீங்கள் வளைவில் தோன்றி, வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்தி, முறையாகவே கடந்து போகிறீர்கள். உங்கள் மரியாதை வந்து சேரும்போது என் காலைப் பொழுது போய்விட்டிருக்கிறது.

உங்களுக்கு எங்கள்மீது கோபம் வராததில் வியப்பில்லை. நான் நடப்பதால் உங்கள் சவாரியில் எதுவும் குறைவதில்லை. பனிச்சறுக்கு வண்டிக்காரர்களுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளில் செல்பவர்களுக்கும் இடையிலான பூசலை 1970-களிலிருந்து ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இந்த ஒருபக்கத் தன்மையைத்தான்: எஞ்சின் வைத்திருப்பவருக்கு மற்றவர் தொல்லையாகத் தெரிவதில்லை, எஞ்சின் இல்லாதவருக்கோ தெரிகிறது. 1980-இல் ஜேக்கப், ஷ்ரேயர் என்னும் இரு ஆய்வாளர்கள், ஒருவர் எதை நாடி வெளியிடத்துக்கு வந்தாரோ அது இன்னொருவரின் நடத்தையால் கெடும்போது எழுவதே இத்தகைய முரண்பாடு என்று விளக்கினார்கள். அந்த இடத்தோடு ஒருவருக்கு இருக்கும் பற்று, சுற்றுப்புறத்தை அவர் எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார் என்பது, மற்றவரின் வாழ்க்கை முறையைச் சகித்துக்கொள்ளும் அளவு ஆகியவையும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்றார்கள்.

கடைசியாகச் சொன்னது எங்கள் தரப்புக்கும் உறைக்க வேண்டியது. உங்கள் வண்டியை ஒருநாளும் நேரில் பார்த்திராமலே, மோட்டார் வண்டி காட்டுக்குள் வருவதே தகாது என்று நினைப்பவர்கள் எங்கள் சங்கத்திலும் உண்டு. அவர்களை எந்தச் சைலன்சராலும் அமைதிப்படுத்த முடியாது. கூட்டத்தில் அவர்களோடு வாதிட்டு நேரத்தை இழக்காதீர்கள். ஒலியால் மட்டும் சலித்துப்போன எங்களைப் போன்றவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.


டூஸ்ட்ரோக் எழுதியது:

நானும் ஓட்டுபவன்தான். மேலே உள்ள பதிலைப் படித்ததும் கையில் கால்குலேட்டர் எடுத்தேன்.

நின்ற நிலையில் வண்டியின் ஒலியை அளக்கும் முறை பல இடங்களில் ஏறத்தாழ ஒன்றுதான். புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைச் சாய்வில் மைக்கை வைத்து, எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு அளக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1986 முதல் செய்யப்பட்ட வண்டிகளுக்கு இந்த அளவில் 96 டெசிபல் வரம்பு; அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 101. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்து 500 மீட்டர் என்றால் ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல் குறைவு. ஆக, சட்டத்துக்கு முழுவதும் உட்பட்ட வண்டிகூட அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் 36 டெசிபல் ஒலியோடு கேட்கும். காற்றில்லாத காலையில் காடு 30-க்கும் கீழே இருக்கும். இடையில் மேடோ அடர்ந்த மரங்களோ இருந்தால் இன்னும் குறையும். பள்ளத்தாக்கு நேராகத் திறந்திருந்தால் அந்த உதவியும் இல்லை. சோதனையில் எஞ்சின் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, ஏற்றத்தில் நாம் ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்குகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. வண்டியின் ஒலி 6 டெசிபல் கூடினால் அது கேட்கும் தொலைவு இரட்டிப்பாகிறது. தொலைவு இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆறு பேரில் ஒருவர் மட்டும் பந்தயத் திடலுக்கான குழாயை மாட்டிக்கொண்டு வந்தாலும், அந்தக் காட்டில் உங்கள் குழுவின் பெயர் அவருடைய வண்டியின் பெயர்தான்.

சைலன்சரைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? உள்ளே துளையிட்ட குழாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு சூட்டில் பொசுங்கிப் பறந்துவிடும்; டூ ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் ஊறிக் கருகிப்போகும். என்னுடையதைச் சென்ற ஆண்டு ரிவெட்டுகளை அறுத்துத் திறந்தபோது, வாய்ப்பக்கம் கைப்பிடியளவு கறுத்த கட்டியாக இருந்தது, மீதி வெறும் கூடு. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூடுவதால் ஓட்டுகிறவன் காதுக்கு அது தெரிவதே இல்லை. புதுப் பஞ்சு வைத்து மூடியபின் முதல் நாள், எஞ்சினுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

மின்சார வண்டி வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். தொலைதூர ஒலிச்சிக்கல் பெரும்பாலும் தீரும் என்பது உண்மை. ஆனால் வளைவில் திடீரென்று நூறு கிலோ எடையுள்ள ஒன்று முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றால் நடப்பவர் வேறு விதமாகத் திடுக்கிடுவார். வேகத்தைக் குறைக்கும் ஒழுக்கம் அங்கே இரண்டு மடங்கு தேவை.


லாடம் எழுதியது:

குதிரையில் வருகிறவர்கள் சார்பில் சுருக்கமாக. ஓரம்கட்டுவது போதாது, எஞ்சினை அணையுங்கள். முடிந்தால் சரிவின் தாழ்ந்த பக்கமாக நில்லுங்கள். மேலிருந்து ஒன்று தன்னைப் பார்ப்பதைக் குதிரை வேட்டையாடும் விலங்கோடு சேர்த்துப் பார்க்கும். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஏதாவது பேசுங்கள், எதை வேண்டுமானாலும். அதுவரை குதிரைக்கு நீங்கள் மனிதர் இல்லை, கண்ணாடி முகமுள்ள ஏதோ ஒன்று. மனிதக் குரல் கேட்டதும் என் குதிரையின் காதுகள் முன்னால் திரும்பி, கழுத்து தளர்வதைக் கடிவாளத்திலேயே உணர்வேன். பின்னால் இன்னும் எத்தனை வண்டிகள் வருகின்றன என்பதை விரல்களால் காட்டுங்கள். கடைசி ஆள் மூடிய கையைக் காட்டட்டும். அந்த ஒரு கை அசைவு தெரியாததால்தான், ஒருமுறை மூன்றாவது வண்டியோடு முடிந்துவிட்டது என்று நினைத்து நடக்கவிட்டு, நான்காவதில் தூக்கியெறியப்பட்டேன். மணிக்கட்டு எலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் ஆனது.


தடம்வெட்டி எழுதியது:

காட்டுப் பாதைகளை அமைத்துப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

இந்தப் பூசல் புதிதல்ல. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972-இல் பிறப்பித்த ஆணையே, பொது நிலங்களில் இவ்வண்டிகளுக்கான தடங்களைக் குறிக்கும்போது மண்ணுக்கும் விலங்குகளுக்கும் ஏற்படும் கேட்டோடு, மற்றப் பயனாளர்களுடனான முரண்பாட்டையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்று சொன்னது. பெரும் கேடு நேரும் இடங்களை உடனே மூட வேண்டும் என்று கார்ட்டர் 1977-இல் அதைக் கூர்மையாக்கினார். அந்நாட்டு வனத்துறை, 2005-இல் வந்த விதிக்குப் பிறகு, வரைபடத்தில் குறித்த தடங்களில் மட்டுமே மோட்டார் வண்டிகளை அனுமதிக்கும் முறைக்கு மாறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வண்டிக்கென்று பதிவாகாத பழைய வண்டித்தடங்கள் பலவற்றில் அந்த உரிமையைச் சில விலக்குகளோடு நீக்கிவிட்டது. ஆகவே, 'எங்களுக்கு உரிமை இருக்கிறது' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். உரிமை ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடியது.

நடைபயணிகளுக்கும் ஒன்று சொல்வேன். மூடிய தடத்தில் ஓடியவர்கள் மறுநாளே வண்டியை விற்றுவிடப் போவதில்லை. அடுத்த தடத்துக்குப் போவார்கள், அல்லது தடமே இல்லாத இடத்துக்குப் போவார்கள். பதிவெண் பலகை இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஓடுகிறவர்களை அந்த மூடல் தொடவே தொடாது. கட்டுப்படுகிறவர்களை வெளியேற்றினால் கட்டுப்படாதவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

மண்ணைப் பற்றிப் பேசினால் நாள் முழுதும் பேசுவேன். சரிவின் நேர்க்கோட்டில் இறங்கும் பாதையில் பின்சக்கரம் சுழன்று மண்ணைத் தளர்த்துகிறது. அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகிவிடுகிறது. பள்ளத்தில் நடக்க முடியாமல் நடைபயணிகள் ஓரத்தில் ஏறி நடக்கிறார்கள். ஓரப் புல் செத்து, ஓரடிப் பாதை மூன்று அடியாகிறது. அதைப் பார்த்து இரு தரப்பும் ஒருவரையொருவர் குறைசொல்கிறார்கள். உண்மையில் முதல் தவறு அந்தப் பாதையை அப்படி வெட்டியவனுடையது. பாதையைச் சரிவுக்குக் குறுக்கே வளைத்து எடுத்து, சற்று இடைவெளிவிட்டு நீர் வெளியேறும் ஏற்ற இறக்கங்களை அமைத்தால் இரு தரப்பின் தடமும் தாங்கும். மண்வெட்டி பிடிக்க உங்கள் குழுவிலிருந்து ஆறு பேர் வருவதாகக் கூட்டத்தில் சொன்னால், நான் பார்த்தவரையில் அதற்கு இருக்கும் மதிப்பு வேறெந்தப் பேச்சுக்கும் இல்லை.

தடம் ஒன்றாக இருந்தாலும் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் திரும்பிவிடுவார்கள். வண்டிகளுக்கு வேறு வாயில் அமைத்து, அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டாலே பாதி முறையீடுகள் நின்றுவிடும். வண்டிகள் ஒரே திசையில் மட்டும் சுற்றுவதாக வைத்தால், எந்தப் பக்கமிருந்து வரும் என்பதாவது நடப்பவருக்குத் தெரியும்.


சேற்றுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு சோதனை செய்தேன். நண்பர் ஒருவரை மட்டும் எங்கள் வழக்கமான சுற்றில் ஓட்டச் சொல்லிவிட்டு, நான் நடந்து சென்று, நடைபயணிகள் வழக்கமாக இளைப்பாறும் பாறையில் கடிகாரத்தோடும் ஒரு தாளோடும் உட்கார்ந்தேன். முதல் ஒலி 9.12-க்குக் கேட்டது. அவர் என்னைக் கடந்தது 9.31-க்கு, கடக்க ஆனது எட்டு வினாடி. ஒலி முற்றிலும் அடங்கியது 9.40-க்கு. வருகிறவர் யார், எந்தப் பக்கமிருந்து வருவார் என்று தெரிந்தும், 9.20-க்குப் பிறகு மூன்று முறை எழுந்து நின்று பார்த்தேன் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். இத்தனைக்கும் அது ஒரே ஒரு வண்டி.

அவருடைய சைலன்சரையும் என்னுடையதையும் இந்த வாரம் திறக்கப் போகிறோம். வாயிலை மாற்றுவது, ஒரே திசைச் சுற்று, மண்வெட்டியோடு ஆறு பேர் ஆகிய மூன்றையும் கூட்டத்தில் எழுத்தில் கொடுப்பேன். கட்டையின் படமும் நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

கால்நடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பஞ்சு வைத்த பிறகு அதே சுற்றை நான் ஓட்டுகிறேன். எங்கள் பாறையைப் போன்ற ஓர் இடத்தைத் தேர்ந்து எப்படி நேரம் குறிப்பது, எவற்றையெல்லாம் எழுதிக்கொள்வது என்று சொல்லுங்கள். தாளைப் பிடிக்கப் போவது மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கத்திடமே கேட்டிருக்கிறேன்.


கால்நடைக்காரன் எழுதியது:

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். காற்று வாக்கில் ஒலி வெகுதூரம் வரும் என்பதால், இரண்டு நாளும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. முதல் ஒலி, கடைசி ஒலி, இடையில் எத்தனை முறை மறைந்து மீண்டும் எழுந்தது என்பவற்றைக் குறிக்க வேண்டும். தாளைப் பிடிப்பவருக்கு நீங்கள் கிளம்பும் நேரத்தைச் சொல்லாதீர்கள்.