ஏற்காடு ஏறினால் மட்டும் வண்டி கொதிக்கிறது, டவுனில் ஒன்றும் இல்லை

சேலம்_ஸ்டியரிங்:
வணக்கம். 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 94,000 கிலோமீட்டர் ஓடியது, செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருஷம். ஐந்து ரோட்டில் மத்தியான வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஏற்காடு ஏறினால் மட்டும் ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குள் முள் சிவப்பை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. போன ஞாயிறு மாமியாரையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாவது வளைவில் முக்கால் மணி நேரம் நின்றோம், பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு கொண்டுபோனதுதான் மிச்சம்.

ரேடியேட்டர் சர்வீஸ் செய்தாயிற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று மெக்கானிக் கழற்றியே போட்டுவிட்டார், அதிலிருந்து மைலேஜும் 15லிருந்து 12க்கு வந்துவிட்டது. இப்போது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். மிச்சக் கூலன்ட் நிற்கும் ரிசர்வ் டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கிறது, அதனால் கூலன்ட் குறைவு இல்லை. என்ன செய்யலாம்?

கரூர்_நாலுசக்கரம்:
ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். என் பழைய வண்டிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, தள்ளிப்போட்டேன், ஹெட்டே வளைந்துபோய் லேத்தில் கொடுத்து ஃபேஸ் செய்து சமமாக்க வேண்டியதாகிவிட்டது.

பட்டறைத்_தாத்தா:
அவசரப்படாதீங்க தம்பி. நிற்கும்போது கொதித்து ஓடும்போது ஆறினால் ஃபேன் பக்கம் பார்க்கணும். உங்களுடையது நேர் எதிர், நிற்கும்போது நல்லா இருக்கு, லோடு ஏறினால் கொதிக்குது. அப்படியென்றால் ஃபேன் வேலை செய்யுது, தண்ணீர்தான் போதவில்லை, அல்லது ஓட்டம் இல்லை.

கேஸ்கெட் போயிருந்தால் அதற்கு அடையாளம் இருக்கும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் சோடா மாதிரி குமிழி நிற்காமல் வரும், ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பிசுக்கு இருக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இதெல்லாம் இருக்கா என்று பாருங்க.

இன்னொன்று. நாளைக் காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பாருங்க. உருண்டையாக இருக்கா, சப்பிப்போயிருக்கா? அப்புறம் மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளேயே லெவல் பாருங்க, ரிசர்வ் டேங்கை நம்பாதீங்க. சூட்டில் மட்டும் மூடியில் கை வைக்காதீங்க, முழங்கை வரை வெந்துபோனவனைப் பார்த்திருக்கேன்.

சேலம்_ஸ்டியரிங்:
அண்ணே, குமிழி இல்லை, ஆயில் சுத்தமாக இருக்கிறது, புகையும் இல்லை. ஆனால் ஹோஸ் சப்பிப்போய் வாழைமட்டை மாதிரி இருக்கிறது! மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்றை இழுத்து ஹோஸ் தானாக உப்பிக்கொண்டது. ரேடியேட்டருக்குள் முக்கால் லிட்டருக்கு மேல் பிடித்தது, ரிசர்வ் டேங்கோ மேக்ஸ் கோட்டுக்கும் மேலே நிற்கிறது.

பட்டறைத்_தாத்தா:
அப்போ ஹெட்டை இறக்க வேண்டாம். மூடியை மாற்றுங்க.

அந்த மூடியில் இரண்டு வால்வு இருக்கு. எஞ்சின் சூடாகும்போது ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு கூலன்ட் ரிசர்வுக்குப் போகும், ஆறும்போது நடுவில் இருக்கிற சின்ன வால்வு திறந்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தச் சின்னது ஒட்டிக்கிச்சு. போனது திரும்பவில்லை, அதனால் ரிசர்வ் நிறைஞ்சு ரேடியேட்டர் காலி, ஹோஸும் சப்பிப்போச்சு. சமவெளியில் குறைந்த தண்ணீரை வைத்தே சமாளிச்சிருக்கு, செகண்ட் கியரில் மலை ஏறும்போது மாட்டிக்கிச்சு. மூடியிலிருந்து ரிசர்வுக்குப் போகும் சின்ன டியூபில் அடைப்பு இருக்கா என்றும் ஊதிப் பார்த்துடுங்க.

ஸ்பிரிங்கும் முக்கியம். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. அழுத்தம் நிற்காவிட்டால் ஏற்காட்டு உயரத்தில் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதிச்சுடும். பழைய மூடி மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்குங்க.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்க. அது இல்லாவிட்டால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கு என்று நினைச்சுப் பெட்ரோலைக் கூட ஊற்றும், உங்க 15 எங்கே போச்சு என்பது இப்போ தெரியுதா? போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் முழுசாக வடிச்சுட்டு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போடுங்க. நிரப்பும்போது வண்டி முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிற்கட்டும், ஹீட்டரை ஃபுல்லில் வைத்து மூடி திறந்தபடி ஐடிலில் விட்டு ஹோஸைப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்க, இதை விட்டுட்டா மறுபடி கொதிக்கும்.

நாமக்கல்_புதுசு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிராஃபிக்கில்தான் சூடாகிறது, ஹைவேயில் சரியாகிவிடுகிறது. ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, போடாவிட்டால் சுற்றுவதே இல்லை.

பட்டறைத்_தாத்தா:
மோட்டார் நல்லா இருக்கு. டெம்பரேச்சர் சென்சரையும் அதன் கனெக்டரையும் பாருங்க, சில வண்டியில் ஏசிக்குத் தனி ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இருக்கும், அதையும் பார்த்துடுங்க. அதுவரை ஏசி போட்டே ஓட்டுங்க.

சேலம்_ஸ்டியரிங்:
இன்று ஏற்காடு போய்வந்தேன், இருபது வளைவும் ஏறினேன், முள் அசையவில்லை. மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் சேர்த்தும் ஹெட் வேலைக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மாமியார் மட்டும் அந்தப் பன்னிரண்டாவது வளைவு வந்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பழைய மூடியின் ரப்பர் உப்பி நடு வால்வோடு ஒட்டிக் கிடக்கிறது, நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கரூர்_நாலுசக்கரம்:
சரி, நான் சொன்னது தப்பு. ஆனால் படத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள், என் வண்டி மூடியையும் நாளைக் காலையில் திறந்து பார்க்கப் போகிறேன்.