பிரேக் பேட் மாற்றிய எட்டாம் நாள் முன் சக்கரம் கொதிக்கிறது (2006 புரோபாக்ஸ், ரங்கூன்)

தாம்வே புரோபாக்ஸ்:

வணக்கம். வண்டி 2006 தொயோட்டா புரோபாக்ஸ். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, வீட்டு வாசலில் வைத்து முன் பேட் இரண்டு பக்கமும் நானே மாற்றினேன். வொர்க்‌ஷாப்பில் விட்டால் இரண்டு நாள் வண்டி வராது, கடைக்குச் சரக்கு ஏற்ற வேறு வண்டி கிடையாது. அதுதான் காரணம், கைத்திறமை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அவசரம் இல்லாமல்தான் செய்தேன். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, ஊசியால் கொஞ்சம் பழைய ஆயிலை உறிஞ்சிவிட்டு, கிளாம்ப் வைத்து, பேட்டை அழுத்தும் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். இரண்டு பக்கமும் லேசாகத்தான் போனது. பேட் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். வலது பக்கத்து ஸ்லைடு பின்கள் (பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் கேலிப்பர் கூடு வழுக்கி நகர்வது இந்தக் கம்பிகளில்தான்) ஈரமாக, வழுக்கலாக இருந்தன, தொடவில்லை. இடது பக்கம் காய்ந்து கிடந்தது, அதனால் கடை ஷட்டருக்குப் போடும் கிரீஸை எடுத்து நன்றாகவே பூசினேன். பெடலை நாலைந்து தடவை மிதித்து கெட்டியாக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது.

ஒரு வாரம் வீடு, கடை என்று குட்டி ஓட்டம், ஒரு தொல்லையும் இல்லை. எட்டாம் நாள் ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். பாலம் இறங்கும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. கூடவே ஒரு காந்தல் வாசம். முதலில் முன்னால் போன லாரி என்று நினைத்தேன். டீக்கடை ஓரம் நிறுத்தி கையை அருகில் கொண்டுபோனால் இடது ரிம்மைத் தொட முடியவில்லை, வலது வெதுவெதுப்புதான். மனைவி பையிலிருந்து கொரோனா காலத்து நெற்றிச் சூடு பார்க்கும் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். இடது சக்கரத்துக்கு நேராகப் பிடித்தால் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டி அலறியது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு மெதுவாகத் திரும்பினோம். கடைசி இரண்டு மைலில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. எங்கே தப்பு செய்தேன்?

பழைய கரோலா:

புதுப் பேட் முதல் நூறு மைல் வாசம் அடிக்கும். பிசின் வேகும் வாசம் அது. கண்டுகொள்ளாமல் ஓட்டுங்கள், தானாகப் போய்விடும்.

ஆவடி டாக்சி:

ஒரு சந்தேகம். இடது சக்கரம் என்றால் ஓரத்து மண்ணிலும் சாக்கடைத் தண்ணீரிலும் இறங்குகிற சக்கரம்தானே? எங்கள் ஊரில் அதுதான் முதலில் துருப்பிடித்து இறுகும். பிஸ்டன் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

தாம்வே புரோபாக்ஸ்:

இல்லை அண்ணே, இங்கே கதை தலைகீழ். 1970-லிருந்து பர்மாவில் வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். ஆனால் பல வருஷமாக வந்து இறங்கியது பெரும்பாலும் ஜப்பான் பழைய வண்டி, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். நாங்கள் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்துவதற்கு எதிரே வண்டி வருகிறதா என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்கிற ஆட்கள். தண்ணீரில் இறங்குவது என் வலது சக்கரம். அது ஜில்லென்று இருக்கிறது. பிஸ்டன் ரப்பரும் முழுசாக இருக்கிறது.

மேமியோ லாரி:

தம்பி, வாசம் போய்விடும் என்று சொன்னதைக் கேட்காதே. புதுப் பேட் வாசம் இரண்டு பக்கமும் வரும், முதல் நாளே வரும். உனக்கு வந்தது ஒரு பக்கம், எட்டாம் நாள். பெடல் இறங்கியது அதைவிட மோசமான அறிகுறி. ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வந்திருக்கிறது. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 140 அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் மழைக்கு அது ஈரம் இழுக்காமல் எப்படி இருக்கும்? குமிழியை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது.

நான் மாண்டலே – மேமியோ ரோட்டில் இருபது வருஷம் ஓட்டியவன். நாற்பது மைல் சொச்சம்தான், ஆனால் மேமியோ 3500 அடி உயரம். இறங்கும்போது கியரை மறந்து பிரேக்கை மட்டும் நம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன் வண்டி. எதையும் கழற்றாதே. முதலில் ஓட்டிச் சூடாக்கு, அதுவும் வீட்டைச் சுற்றி மட்டும், மெதுவாக. பிறகு சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வை. செங்கல் அடுக்காதே, செங்கல் சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தைக் கையால் சுற்று. பேட் லேசாக உரசும் சர்சர் சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு. இரண்டு கையாலும் தள்ளினால்தான் சுற்றுகிறது என்றால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பிடித்திருக்கும்போதே கேலிப்பரின் பிளீடர் நட்டை (ஆயிலை வெளியே விடும் சின்ன நட்டு) கால் சுற்று திற. இரண்டு சொட்டு ஆயில் பீறி வந்து சக்கரம் பட்டென்று இளகினால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். கேலிப்பருக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, போகிற ஆயிலை விட்டு, திரும்புகிற ஆயிலை அடைத்திருக்கும். என் லாரியில் அதுதான். வெளியே பார்த்தால் ஹோஸ் புத்தம் புதுசு. திறந்த பிறகும் சக்கரம் இளகவில்லையா? ஆயில் மேல் பழி இல்லை. ஸ்லைடு பின், பிஸ்டன், பேட் இவற்றில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது.

முன்னால் இரண்டும் கொதித்திருந்தால் நான் பெடல் பக்கம் போயிருப்பேன். பெடலுக்குப் பின்னால் தள்ளும் கம்பியான புஷ் ராடில் கொஞ்சம் இடைவெளி இல்லாமல் போனாலும், பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுசாக மேலே வரவிடாவிட்டாலும் அப்படி ஆகும். உனக்கு ஒரு சக்கரம்தான், அங்கே போகாதே.

தாம்வே புரோபாக்ஸ்:

செய்தேன் அண்ணே. மூன்று தெரு சுற்றியதிலேயே சூடு ஏறிவிட்டது. சக்கரம் இரண்டு கைக்கும் கஷ்டப்பட்டுத்தான் சுற்றியது. பிளீடரைத் திறந்தேன், ஆயில் சும்மா கசிந்தது, பீறவில்லை. சக்கரம் அப்படியே இறுக்கமாக நின்றது. ஆயிலின் நிறம் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. அந்த ஆயிலைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆறிய பிறகு பேட்டைக் கழற்றி அளந்தேன். பிஸ்டன் பக்கத்து உள்பேட் எட்டு மில்லி, வெளிபேட் ஒன்பதரை. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, ஒரே நாளில் போட்டவை.

பார்ட்ஸ் கவுண்டர்:

உள்பேட் மட்டும் தேய்ந்தால் கேலிப்பர் நகரவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன். பிஸ்டன் லேசாக உள்ளே போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அதை ஏன் சந்தேகப்பட வேண்டும்? மிச்சம் ஸ்லைடு பின்தான்.

முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். பதில் அதில் இருக்கிறது, எல்லாரும் தாண்டிப் போய்விட்டோம். ஷட்டர் கிரீஸ்! அது பெட்ரோலிய கிரீஸ். ஸ்லைடு பின்னில் ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் இருக்குமே, அது அந்த எண்ணெயைக் குடித்து உப்பும். ஒரே நாளில் உப்பாது, சில நாள் ஆகும். அதனால்தான் ஒரு வாரம் நன்றாக ஓடியது. நீங்கள் தொடாமல் விட்ட வலது பக்கம் இன்றுவரை நன்றாக இருப்பதும் அதனால்தான்.

பின்னைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும், விட்டால் காற்று அழுத்தத்தில் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். போடும்போது ரப்பர் உள்ள பின் எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில்தான் போக வேண்டும், மேலும் கீழும் மாற்றிவிடாதீர்கள். கிரீஸ் கேட்கும்போது சிலிக்கான் கிரீஸ், பிரேக் ரப்பருக்கு என்று சொல்லி வாங்குங்கள். ஸ்லைடு பின்னின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள், அதிலும் அதே கிரீஸ் ஊறியிருக்கும்.

தாம்வே புரோபாக்ஸ்:

கவுண்டர் அண்ணன் சொன்னது அப்படியே. மேல் பின் விரலால் இழுத்ததும் வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. குறடால் பிடித்து இடமும் வலமும் திருகித் திருகி, பத்து நிமிஷம் கழித்து 'பொளக்' என்று கையோடு வந்தது. நுனியில் இருந்த ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி பருத்து, விரலால் அழுத்தினால் நெகிழ்ந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வலது பக்கத்துப் பின்னைக் கழற்றினேன். அதில் ரப்பர் ஒல்லியாக, கெட்டியாக இருந்தது. ஒரே வண்டி, ஒரே வயசு ரப்பர்கள் என்று நம்ப முடியவில்லை.

துளைக்குள் பிரேக் கிளீனர் அடித்து, துணி சுற்றிய குச்சியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன். புது புஷ், புது உறை, சிலிக்கான் கிரீஸ். முன் பேட் ஒரு ஜோடி மறுபடி வாங்கினேன், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே. வெந்துபோன பேட்டை நம்ப மனசு வரவில்லை. பழைய ஆயிலை நான்கு சக்கரத்திலும் வெளியேற்றி, சீல் பிரிக்காத புட்டி டாட் 3 விட்டேன். மகன் பெடல் மிதித்தான், நான் கீழே கிடந்தேன். "விடாதே, விடாதே" என்று கத்தியதில் எதிர்வீட்டு பர்மாக்காரப் பாட்டி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டார்.

புதுப் பேட் டிஸ்க்கில் பதிவதற்காக, விடிகாலை ரோடு காலியாக இருக்கும்போது 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், எட்டு தடவை மிதித்தேன். நடுவில் ஆறவும் விட்டேன்.

நேற்று மறுபடி சிரியம். அதே டீக்கடை ஓரத்தில் நிறுத்தி, விரலை நனைத்து இரண்டு ரிம்மிலும் சொட்டு விட்டேன். இரண்டிலும் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நெற்றித் துப்பாக்கி இரண்டு பக்கமும் 'ஹை' என்றுதான் அலறியது, 43 டிகிரிக்கு மேல் அதற்குப் பேச வராதாம். மனைவி பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இடது டிஸ்க்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு தெரிகிறது. பெடல் அதிரவில்லை. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பார்ட்ஸ் கவுண்டர்:

ஸ்டியரிங் ஆடவில்லை, பெடல் அதிரவில்லை, விரிசல் இல்லை என்றால் இப்போதைக்கு ஓட்டுங்கள். வேகத்திலிருந்து பிரேக் போடும்போது என்றைக்காவது ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கு டிஸ்க்கை ஜோடியாக மாற்றிவிடுங்கள்.