பாரிசவாதம் வந்த அம்மாவைத் தனியே பராமரிக்கிறேன்: உதவிக்கு யாரிடம் போவது?

கேள்வி (அன்புவழிபுரம்)
எனது அம்மாவுக்கு 73 வயது. சென்ற ஆண்டு பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலக்கையும் வலக்காலும் வழங்கவில்லை. எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்வதால், தையலில் கிடைத்து வந்த வருமானம் பாதியாகிவிட்டது. கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணா பல மாதங்களாக ஒன்றும் அனுப்புவதில்லை. அரசாங்க உதவி பெற முதலில் யாரிடம் போக வேண்டும்?

மறுமொழி (உவர்மலை)
தங்கச்சி, முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். பிறகு திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒரே நாளில் சந்தித்துவிட்டால் ஓட்டோச் செலவு மிச்சமாகும். முதியோர் அடையாள அட்டை 60 வயதிலிருந்தே கிடைக்கும். அம்மாவிடம் இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பியுங்கள். வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 3000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அத்துடன் திரும்பி வந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு அதே ஆண்டில் 7500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகியது. அம்மாவுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். வயதை மட்டும் எழுதி, உடல் இயலாமையைக் குறிப்பிடாமல் விடுபவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். கிளினிக் புத்தகத்தையும் நோயறிக்கையையும் பிரதியெடுத்துக் கொண்டு போங்கள்.

மறுமொழி (மூதூர்)
அண்ணாவின் விடயத்துக்குச் சட்டமே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து மாதப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். எனினும் அந்த உரிமை அம்மாவுடையது என்பதால், அவருடைய விருப்பத்தைக் கேளாமல் இறங்க வேண்டாம். எங்கள் வாப்பா, “பெத்த மகன நான் வழக்குக்கு இழுப்பனா?” என்று மறுத்துவிட்டார். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இருவர் நானாவுடன் பேசிய பிறகே மாதாமாதம் பணம் வரத் தொடங்கியது.

மறுமொழி (நிலாவெளி)
உங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லையே, அக்கா. என் மாமியாரைப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்த நாட்களில், எனக்கு நித்திரை என்பதே இல்லாமற்போனது. எங்கள் ஊர் முதியோர் சங்கத்தில் சொன்னபோது, அயலில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் கிழமையில் ஒரு பின்னேரம் வந்து இருந்தார். மனம் மிகவும் சோர்ந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், அண்ணாவுடன் முதலில் தானே பேசுவதாகச் சொல்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு எங்கள் நினைவுக்கே வந்திருக்கவில்லை. நோயறிக்கையைப் பிரதியெடுத்துவிட்டேன், திங்கட்கிழமை கிராம உத்தியோகத்தரிடம் போகிறேன்.