தாத்தாவோட அப்பா தென்னாப்பிரிக்காவுல ஸ்பியான் கோப் மலைச் சண்டையில ஸ்ட்ரெச்சர் தூக்குனாராம், நெஜமா இருக்குமா?

சாட்ஸ்வர்த் பேரன்:
வணக்கம். எங்க ஆயா இருந்தவரைக்கும் ஒரே கதை, ஒங்க பூட்டன் வெள்ளக்காரங்க சண்டையில குண்டடி பட்டவங்கள தோள்ல தூக்கிட்டு வந்தவரு, தோள்ல காப்புக் காச்ச தடம் கடைசிவரைக்கும் போகலன்னு. கரும்பு வெட்ட வந்தவருக்கு சண்டையில என்ன வேலன்னு நாங்க சிரிப்போம். இப்ப எம்பொண்ணுக்கு ஸ்கூல்ல போயர் யுத்தம் (பிரிட்டிஷ்காரங்களும் டச்சு வழி வெள்ளக்காரங்களான போயர்களும் போட்ட சண்ட) பத்தி ப்ராஜெக்ட், அவ கேக்குறா. வீட்ல மெடல், பேப்பர் எதுவுமே இல்ல.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
நடந்துருக்கும் தம்பி. 1899 கடைசில காந்தி சேத்த ஆம்புலன்ஸ் படையில கிட்டத்தட்ட 1,100 பேரு, அதுல 800 பேரு வரைக்கும் கிர்மிட்ல, அதாவது ஒப்பந்தக் கூலியா, இருந்த தோட்டத்து ஆளுங்க, மொதலாளிங்க அனுப்பிவச்சவங்க. நம்ம நேட்டால் பக்கத்துக்கு வந்த கிர்மிட் ஆளுங்கள்ல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ்ல கப்பலேறுனவங்க, நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. சில நாள் 20, 25 மைல் தூக்கிட்டு நடந்தோம்னு காந்தி எழுதிருக்காரு. மெடல் குடுத்தது தலைவருங்க 37 பேருக்குத்தான், அதான் ஒங்க வீட்ல இல்ல.

பழைய பட்டாளம்:
ஒன்ன சேத்து சொல்லணும். இவங்கள குண்டு விழுற எடத்துக்குள்ள அனுப்பக்கூடாதுன்னுதான் மொத ஏற்பாடு. அது பட்டாளத்து ஆளுங்க வேல. டிசம்பர் 15 கொலென்சோ சண்டையில பீரங்கிப்பக்கம் குதிரையெல்லாம் செத்து விழுந்து கெடந்தப்ப, தானே அடிபட்டிருந்த கேப்டன் காங்ரீவும் டாக்டர் மேஜர் பாப்டியும் வெட்டவெளில போயி அடிபட்டுக் கெடந்த லெப்டினன்ட் ராபர்ட்ஸ இழுத்துட்டு வந்தாங்க. அந்த ரெண்டு பேருக்கும் விக்டோரியா கிராஸ்ங்கிற பெரிய வீரப்பதக்கம், குடுக்கவேண்டியதுதான். ராபர்ட்ஸ் ரெண்டு நாள்ல செத்துட்டாரு. ஆனா 1900 ஜனவரில ஸ்பியான் கோப்ல நெலம மோசமாயி, பிரிட்டிஷ் ஜெனரல் புல்லர், நீங்க வந்தே ஆகணும்னு இல்ல, வந்தா நன்றியா இருக்கும்னு சொல்லியனுப்ப, நம்ம ஆளுங்க உள்ள போயிட்டாங்க.

உம்லாஸ் கரும்பு:
அண்ணே, புல்லர் கேட்டது தலைவருங்கள. கிர்மிட் ஆளு மாட்டேன்னு சொல்லிட்டு தோட்டத்துக்குத் திரும்பிப் போயிருக்க முடியுமா? அத வீரம்னு சொல்றப்ப எனக்குக் கொஞ்சம் இடிக்குது.

பழைய பட்டாளம்:
இடிக்கட்டும் தம்பி, சரியான கேள்விதான். ஆனா ஓடிப்போக வழி இல்லாதவன் கையில துப்பாக்கியும் இல்லாம, மலைச்சரிவுல ஒரு ஆள கீழ விடாம எறக்குனானே, அத வேற எந்தப் பேர்ல சொல்றது? நம்ம தென்னாப்பிரிக்கா ஆளே, 1942ல எகிப்துல எல் அலமைன் சண்டையில லூகாஸ் மஜோசின்னு ஸ்ட்ரெச்சர் தூக்குன ஒருத்தர், கறுப்பர்ங்கிறதால துப்பாக்கி குடுக்கல, தனக்கே குண்டு பட்டும், போயி வைத்தியம் பாத்துக்கன்னு சொல்லியும், ரத்தம் போயி மயங்கி விழுற வரைக்கும் தூக்கிட்டே இருந்தாரு. அவருக்காவது மெடல் கெடச்சுது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, பூட்டனோட கிர்மிட் நம்பர் தெரியுமா? கப்பல் லிஸ்ட்ல ஊரு, அப்பன் பேரு, ஒடம்புல இருக்குற தழும்பு, எந்த மொதலாளிகிட்ட அனுப்புனாங்கங்கிறதெல்லாம் இருக்கும். டர்பன்ல வெஸ்ட்வில் காம்பஸ்ல காந்தி லுத்துலி டாக்குமெண்டேஷன் சென்டர்ல கேளுங்க. மொதலாளி பேரு கெடச்சா பாதி வேல முடிஞ்சுது.

சாட்ஸ்வர்த் பேரன்:
அக்கா, நம்பர் அத்தையோட டிரங்குப்பொட்டில ஒரு துண்டுத்தாள்ல இருக்காம், இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணக் கூட்டிக்கிட்டு ஸ்பியான் கோப் ஏறப்போறேன், வண்டில ரெண்டு எடம் இருக்கு, பட்டாளத்தண்ணே வர்றீங்களா?